மூப்பு ஆராய்ச்சிக்கு ஊரில் ஒரு குழு தொடங்குவது எப்படி

"நீண்ட ஆயுள் ஆராய்ச்சிக் குழு" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிப் பாருங்கள். முதல் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருபவர் பெரும்பாலும் சத்துப் பவுடர் விற்பவராக இருப்பார். இரண்டாமவர் அவருக்குக் கீழே சேர்ந்தவராக இருப்பார். இதைத் தொழில் என்று மதிக்கலாம், தவறில்லை. ஆனால் குழு அங்கேயே முடிந்துவிடும். அதனால் என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு முன்பே, எதைச் செய்யமாட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வரி போதும். கூட்டத்திலும் குழுவின் வாட்ஸ்அப்பிலும் யாரும் எதையும் விற்கக் கூடாது. யாரும் யாருக்கும் மருந்தின் அளவு சொல்லக் கூடாது. ஒரு நிறுவனத்திடம் காசு வாங்குகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர் இதைப் படித்துக் கையெழுத்திட்டுவிட்டு உட்காரட்டும். கொஞ்சம் கறாராகத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

பெயரில் "இளமை" வேண்டாம். "மூப்பு அறிவியல் வட்டம்", "மூப்பு வாசிப்பு வட்டம்" மாதிரி சப்பென்ற பெயர் நல்லது. சப்பென்ற பெயருக்குச் சரியான ஆட்கள்தான் வருவார்கள்.

ஆட்கள், இடம், நேரம்

தொடக்கத்துக்கு 6 முதல் 8 பேர் போதும். அதில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்; கணித ஆசிரியரோ வங்கியில் எண்களோடு வேலை செய்தவரோ போதும். ஒரு நர்ஸ் அல்லது பிசியோதெரபிஸ்ட், உயிரியல் படித்த ஒருவர், 65 வயதைத் தாண்டிய இருவர். கடைசியாகச் சொன்ன இருவரைத்தான் பல குழுக்கள் மறந்துவிடும். முப்பது வயதுக்காரர்கள் மட்டும் கூடி மூப்பைப் பேசினால் பேச்சு நேராக மாத்திரைக்குப் போய்விடும். மூட்டுவலியோடு மாடிப்படி ஏறும் ஒருவர் அறையில் இருந்தால், எதை அளக்க வேண்டும் என்ற கேள்வி தானாக எழும்.

அவருக்காகவே அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும். நூலகக் கிளை, பள்ளி வகுப்பறை, சங்கக் கட்டிடம் எதுவும் சரி. மாதம் இரண்டு ஞாயிறு, 90 நிமிடம், ஒரே நேரம். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். "அடுத்த கூட்டம் எப்போது என்று பிறகு சொல்கிறோம்" என்று ஒருமுறை சொன்ன குழு, அநேகமாக மறுபடி கூடுவதில்லை.

முதல் மூன்று மாதம்: படிப்பு

ஆறு கூட்டத்துக்கு ஆறு தலைப்பு. முதலாவது, மூப்பின் அடையாளங்கள் என்று கார்லோஸ் லோபஸ்-ஓட்டின் குழு 2013இல் வகுத்த பட்டியல். அப்போது ஒன்பது அடையாளங்கள். 2023இல் அதே குழு அதைப் பன்னிரண்டாக்கியது. டிஎன்ஏ பழுது, டெலோமியர் (குரோமோசோம்களின் முனை) தேய்வு, பிரிவதை நிறுத்தியும் சாகாமல் தங்கிவிடும் செல்கள், ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி என்று போகும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். செய்தித்தாளில் ஒரு புது "கண்டுபிடிப்பு" வந்தால், அது இந்தப் பன்னிரண்டில் எதைத் தொடுகிறது என்று கேட்க உதவினால் போதும்.

இரண்டாவது, ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஒரு புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்கிய சின்தியா கென்யனின் 1993 ஆய்வு. மூன்றாவது, எலிகளுக்கு ராபமைசின் என்ற மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு. நான்காவது, மனிதர்கள் இரண்டு ஆண்டு உணவைக் குறைத்துப் பார்த்த 'காலரி' ஆய்வு. அதில் 25% குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக முடிந்தது 12% அளவுதான். மருத்துவர் பக்கத்தில் இருந்தும், ஆலோசகர் இருந்தும் அவ்வளவுதான் முடிந்தது என்பதே ஒரு முடிவு. ஐந்தாவது, தோல்விக் கதை ஒன்று: சிவப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால். கொழுப்பு அதிகமான தீனி தின்ற எலிகளுக்கு இது ஆயுளைக் கூட்டியது என்று 2006இல் வந்தது. 2008இல் ஒரு மருந்து நிறுவனம் இதை நம்பி 72 கோடி டாலர் கொடுத்து ஒரு சிறு நிறுவனத்தை வாங்கியது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஆயுள் கூடவே இல்லை. வாங்கிய அந்த நிறுவனத்தை 2013இல் மூடினார்கள். ஆறாவது, முதுமை பற்றிய இந்தியாவின் லாசி ஆய்வு. அதற்குக் கீழே வருவோம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு கட்டுரைதான். ஒருவர் படித்துவந்து சொல்ல மற்றவர்கள் தலையாட்டுவது வாசிப்பு ஆகாது. எல்லோரும் அச்செடுத்த தாளோடு வரட்டும். முதல் 20 நிமிடம் அமைதியாகப் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பாருங்கள். பிறகு இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்: எந்த உயிர்? எத்தனை? எந்த வயதில் மருந்து தொடங்கியது? ஆண், பெண் இரண்டும் உண்டா? மருந்து கொடுக்காத கூட்டம் எத்தனை நாள் வாழ்ந்தது? வேறொரு ஆய்வகம் திரும்பச் செய்து பார்த்ததா?

ராபமைசினை வைத்து இதைச் செய்து பார்ப்போம். மூலக் கட்டுரை 2009இல் வந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவில் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே முறையில் நடந்தது. அதாவது கடைசிக் கேள்விக்குக் கட்டுரைக்குள்ளேயே பதில் இருக்கிறது. எலிகள் ஒரே அச்சில் வார்த்த இனமில்லை; கலப்பு. மருந்து தொடங்கிய வயது 600 நாள், எலிக் கணக்கில் நல்ல முதுமை. மருந்தைத் தீனியில் கெடாமல் கலக்கும் வழி கண்டுபிடிக்கத் தாமதமானதால்தான் அவ்வளவு பிந்தியது. அந்தத் தாமதமே பெரிய பரிசாகிவிட்டது: வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்று தெரிந்தது. 90% எலிகள் இறந்துபோன வயதை வைத்துப் பார்த்தால் பெண் எலிகளில் 14%, ஆண் எலிகளில் 9% கூடுதல்.

ஐந்தாவது கேள்விதான் புதியவர்கள் தவறவிடுவது. நன்றாகப் பராமரித்த ஆய்வக எலி ஏறத்தாழ 900 நாள் வாழும். மருந்து கொடுக்காத கூட்டமே 700 நாளில் செத்திருந்தால், அங்கே கூண்டோ தீனியோ நோயோ ஏதோ சரியில்லை. அந்த நிலையில் மருந்து 15% கூட்டியது என்றால், மூப்பைத் தள்ளிப்போட்டதா, மோசமான பராமரிப்பிலிருந்து காப்பாற்றியதா என்று சொல்ல முடியாது. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாக "அப்போ நாம எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். ராபமைசின் உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு எதிர்ப்புசக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து. வாய்ப்புண், கொழுப்பு ஏறுதல், தொற்று எல்லாம் கூட வரும். மெட்ஃபார்மின் இன்னும் தந்திரமான கேள்வி, ஏனென்றால் அது பாதி வீடுகளில் சர்க்கரை மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேரை வைத்து அதைச் சோதிக்க நிர் பார்சிலாய் தலைமையில் 'டேம்' என்ற திட்டம் பல ஆண்டுகளாக நிதிக்குக் காத்திருந்த கதை ஒருபக்கம். எடை தூக்கும் பயிற்சி செய்த முதியவர்களுக்கு மெட்ஃபார்மின் தசை வளர்வதைக் குறைத்தது என்று 2019இல் வந்த ஆய்வு மறுபக்கம். சர்க்கரை நோயாளிக்கு அது நல்ல மருந்து. மற்றவர்களுக்கு அது இன்னும் கேள்வி. தாளில் இருக்கும் இரண்டாவது வரியைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காயகல்பம் பற்றிய கேள்வியும் வரும். நம் ஊரில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேலி செய்யாதீர்கள், தலையில் தூக்கியும் வைக்காதீர்கள். எந்தக் கலவை, என்ன அளவு, யாருக்கு, எதோடு ஒப்பிட்டு என்று அதே கேள்விகளைக் கேளுங்கள். ராபமைசினுக்கு ஒரு நியாயம், நெல்லிக்காய்க்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது.

நான்காவது மாதம்: அளவை நாள்

படிப்பு மட்டும் இருந்தால் நான்காவது மாதம் கூட்டம் மெலியும். கைக்கு வேலை கொடுக்க வேண்டிய நேரம் இது. உடலின் வயதை எண்ணாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளில் காசைப் போடாதீர்கள். ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை சோதித்தாலே சில ஆண்டு வித்தியாசம் காட்டக்கூடியவை அவை. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், டேப், கையின் பிடி எவ்வளவு வலு என்று அளக்கும் ஒரு பிடிவலு மானி, ஒரு பிபி மெஷின் போதும். இவற்றில் பிடிவலு மானிக்கும் பிபி மெஷினுக்கும்தான் செலவு; இரண்டும் சேர்ந்தே சில ஆயிரம் ரூபாயில் முடியும்.

நாற்காலியில் எழுந்து உட்காரும் சோதனை: இருக்கை உயரம் 43 செ.மீ., கைப்பிடி இல்லாதது, முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டது. பந்தலுக்கு வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. அது வளையும், வழுக்கும், கைப்பிடியும் இருக்கும். பள்ளிக்கூடத்து மர நாற்காலி சரியாக அமையும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அளவுகோலில் 65–69 வயதில் ஆண்களுக்கு 12க்கும், பெண்களுக்கு 11க்கும் கீழே இருந்தால் விழுந்துவிடும் அபாயம் கூடுதல் என்று பொருள்.

நடை வேகம்: தரையில் 10 மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். முதல் 2 மீட்டரும் கடைசி 2 மீட்டரும் கணக்கில் இல்லை. நடுவே உள்ள 6 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடங்கினால் கிளம்பும் நேரமும் கணக்கில் புகுந்து வேகம் குறைந்து காட்டும். "கடைக்கு நடக்கிற மாதிரி நடங்க" என்று ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். இரண்டு முறை எடுத்துச் சராசரி. ஆசிய நாடுகளின் தசைத்தேய்வு ஆய்வுக் குழு 2019இல் வைத்த எல்லை நொடிக்கு 1 மீட்டர். அதாவது 6 மீட்டரைக் கடக்க 6 நொடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். அதே குழு பிடிவலுவுக்கு வைத்த எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. இவை பெரும்பாலும் கிழக்கு ஆசிய மக்களை வைத்து வகுத்தவை. நம் ஊர்ப் பாட்டி 16 காட்டினால் உடனே நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள். அவரை அவரோடேயே, ஆறு மாதம் கழித்து ஒப்பிடுங்கள்.

பிடிவலுவில் தவறு நடப்பது நிற்கும் விதத்தில். முழங்கையை 90 பாகை மடக்கி உட்கார்ந்து எடுப்பது ஒரு முறை, கையை நீட்டி நின்று எடுப்பது இன்னொன்று. இரண்டும் வேறு எண்ணைக் கொடுக்கும். ஒன்றைத் தேர்ந்து பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிபிக்கு 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதய உயரத்தில் இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. 180க்கு 110ஐத் தொட்டிருந்தால் அவருக்கு அன்று நாற்காலியும் நடையும் கிடையாது, நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். நெஞ்சுவலி, அண்மையில் அறுவை சிகிச்சை, தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் அப்படியே. நடக்கும்போது ஒருவர் அரை அடி பின்னால் கூடவே போக வேண்டும், தொடாமல். செருப்போடா வெறுங்காலோடா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பு நடையை மாற்றிவிடும்.

இப்போது முக்கியமான கோளாறு. முதல் நாள் பிபி அதிகமாகக் காட்டிய ஐந்து பேரைத் தனியாக எடுத்து, ஒரு மாதம் முருங்கைக்கீரை சூப் கொடுத்து, மறுபடி அளந்தால் குறைந்திருக்கும். சூப் கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். ஒருவரின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஏறியிருந்த நாளில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அது தன் வழக்கமான இடத்துக்கு இறங்கத்தான் செய்யும். நாற்காலிச் சோதனையில் இதற்குப் பழக்கமும் சேரும்: உத்தி தெரிந்துவிட்டதால் இரண்டாம் முறை ஒன்றிரண்டு கூடும். ஊரில் உலவும் "எனக்கு வேலை செய்தது" கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான். இதற்கு மருந்து எளிது. எதையும் தொடங்கும் முன் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து முதலாவதை ஒதுக்கிவிடுங்கள். யார் செய்வது, யார் சும்மா இருப்பது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். அளப்பவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது.

வெளியிட நினைத்தால்

உறுப்பினர்கள் தங்களுக்குள் அளந்து குறித்துவைப்பது பயிற்சி. அந்த எண்களை ஆய்வு என்று வெளியிட நினைத்தால், எண்களைச் சேகரிப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சேகரித்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தக் குழு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும், உங்களிடம் இருக்காது. ஆகவே பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலோ முதியோர் மருத்துவத் துறையிலோ ஒரு பேராசிரியரை ஆய்வுத் தலைவராகக் கேட்டுப் போங்கள். வெறுங்கையோடு போகாமல் ஆறு மாதப் பதிவேட்டோடு போனால் மரியாதை வேறு. முதியோர் மருத்துவத்துக்கு நாட்டிலேயே முன்னோடியாக இருந்தது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உண்டு. ஒப்புதல் படிவம் தமிழில், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் அளவுக்கு எளிமையாக இருக்கட்டும். பெயர் ஒரு நோட்டில், எண்கள் வேறு நோட்டில். இரண்டையும் இணைக்கும் சாவி ஒருவரிடம் மட்டும்.

புதிதாகச் சேகரிக்காமலே ஆய்வு செய்யவும் வழி இருக்கிறது. லாசி என்னும் இந்திய முதுமை நெடுநாள் ஆய்வின் முதல் சுற்று 2017–18இல் நடந்தது. 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்கள் துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல். அதில் பிடிவலு, நடை, பிபி எல்லாம் இருக்கின்றன. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் தரவு கிடைக்கும். புள்ளியியல் தெரிந்த உங்கள் உறுப்பினருக்கு ஒரு வருடத்துக்கு வேலை தயார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 'லாஞ்சிவிட்டி இந்தியா' முயற்சியும் அதன் 'பாரத்' ஆய்வும் இந்தியர்களுக்கே உரிய மூப்புக் குறியீடுகளைத் தேடுகின்றன. அங்கே நடப்பதையும் கவனித்து வாருங்கள்.

கல்லூரி ஆய்வகம் கிடைத்தால்: புழு

எலி வேண்டாம். விலங்கு ஆய்வுக்குத் தனி அனுமதி, தனி அறை, மூன்று வருடக் காத்திருப்பு. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற 1 மி.மீ. உருளைப்புழு (மண்புழு இனம் அல்ல) மூன்று வாரத்தில் வாழ்ந்து முடித்துவிடும். அதனால் ஒரு மருந்து ஆயுளைக் கூட்டுகிறதா என்று அதில் சீக்கிரம் பார்த்துவிடலாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டில் பல ஆய்வகங்கள் இதை வளர்க்கின்றன. புழு உள்ள தொடக்கத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

தட்டுக்கான கலவை, ஒரு லிட்டருக்கு: உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5 கிராம், அகர் 17 கிராம், தண்ணீர் 975 மி.லி. ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, எத்தனாலில் கரைத்த கொலஸ்ட்ரால் (மி.லி.க்கு 5 மி.கி.) 1 மி.லி., 1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மி.லி., 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 1 மி.லி., பிஎச் 6 உள்ள 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் 25 மி.லி. சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கலக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். இறுகிய தட்டில் ஓபி50 என்ற தீங்கில்லாத ஈ.கோலை ஒரு சொட்டு. புழுவுக்குச் சாப்பாடு அதுதான்.

ஒரே வயதுப் புழுக்கள் வேண்டும் என்றால் முட்டை நிறைந்த 10 தாய்ப்புழுக்களைப் புதுத் தட்டில் 4 மணி நேரம் விட்டு எடுத்துவிடுங்கள். 20 பாகை வெப்பத்தில் மூன்று நாளில் குஞ்சுகள் வளர்ந்துவிடும். மருந்து கொடுக்கும் கூட்டம், கொடுக்காத கூட்டம் ஒவ்வொன்றிலும் 100 புழுவாவது, தட்டுக்கு 25. முட்டையிடும் நாட்களில் தினமும் வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாய் எது பிள்ளை எது என்று தெரியாது. பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தலையைத் தொட்டும் அசையாவிட்டால் இறந்ததாகக் கணக்கு. தட்டின் ஓரம் ஏறிக் காய்ந்துபோனவை, வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரித்துச் செத்தவை இறப்புக் கணக்கில் சேரா. அந்த நாள்வரை இருந்தது என்று மட்டும் எழுத வேண்டும். இதைக் குழப்பினால் வரைபடம் முழுவதும் பொய்யாகிவிடும்.

நம் ஊரில் இந்தச் சோதனையைக் கெடுப்பது பூஞ்சையும் மின்வெட்டும். தட்டுகளை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் பிஓடி இன்குபேட்டர் இரண்டு மணி நேரம் நின்று உள்ளே 30 பாகை ஆனால் புழுக்கள் மலடாகலாம், ஆயுளும் குறையும். யுபிஎஸ் இல்லாமல் சித்திரை, வைகாசியில் தொடங்காதீர்கள். உள்ளே ஒரு வெப்பமானி வைத்து காலை மாலை குறியுங்கள். மருந்து கலந்த தட்டும் கலக்காத தட்டும் ஒரே அடுக்கில் கலந்து இருக்கட்டும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தாலே ஆயுள் மாறும். தட்டின் மேல் எழுதியிருக்கும் எழுத்து எந்தக் கூட்டம் என்பது எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது.

பதிவும் பணமும்

முதல் வருடம் பதிவு வேண்டாம். தலைவர், செயலாளர் பதவி வந்ததும் வேலை நின்று தேர்தல் தொடங்கிவிடும். பணம் வரத் தொடங்கினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து பதியலாம்; வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். சத்துப் பொருள் நிறுவனமோ "ஆன்டி ஏஜிங்" கிளினிக்கோ டீ, வடைச் செலவை ஏற்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் பேட்டரியும் அச்சுச் செலவும் தாங்கும்.

ஒருங்கிணைப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அறைச் சாவி, பதிவேடு, நாற்காலி இருக்கும் இடம், டேப் எங்கே, யார் யாருக்கு எந்த எண் என்ற நோட்டு, எல்லாவற்றையும் கையில் கொடுத்து, அடுத்தவர் ஒரு அளவை நாளைத் தனியாக நடத்திக் காட்டிய பிறகுதான் முந்தியவர் விலகலாம்.